கொடிமேடையை ஒட்டிப் போன கோடு

எங்கள் கல்லூரியிலிருந்து மாதம் ஒருமுறை செய்தி மடல் வருகிறது. முன்பு தபாலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. முதல் இரண்டு பக்கம் யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், யார் குத்துவிளக்கு ஏற்றினார்கள் என்பது. மூன்றாம் பக்கம் கலை. நான்காம் பக்கம் விளையாட்டு. கலைப் பக்கத்தில் எந்த மாதமும் மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொள்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்தில் எந்த மாதமும் இறுதிவரை போராடித் தோற்கிறார்கள். இந்த ஆர்வத்தையும் போராட்டத்தையும் எடுத்துவிட்டால் மடல் பாதியாகச் சுருங்கிவிடும் என்று என் மனைவியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். அவளும் அதே கல்லூரியில் படித்தவள்தான், எனக்கு இரண்டு வருடம் பின்னால்.

மடல் வந்தால் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடக்கும். கலை எனக்கு, விளையாட்டு அவளுக்கு. காலையில் காபியோடு என் பக்கத்தைப் படித்துவிட்டுப் போனை அவள் பக்கம் நகர்த்துவேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கபடி, வாலிபால், கேரம் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தடகளத்துக்குப் போவாள். அங்கே அவள் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. பெண்கள் எண்ணூறு மீட்டரில் கல்லூரிச் சாதனையை யாராவது முறியடித்துவிட்டார்களா? முறியடித்திருக்க மாட்டார்கள். போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். அந்தச் சாதனை அவளுடையது.

கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறையின் வாசலுக்கு மேலே கறுப்புப் பெயின்ட் அடித்த பலகை ஒன்று உண்டு. போட்டி, பெயர், வருடம், நேரம் என்று நான்கு பத்தி. நூறு மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாவற்றிலும் பெயர்கள் பல தடவை மாறிவிட்டன. ஒரு வரியில் மட்டும் முதலில் எழுதிய பெயின்டர் கையெழுத்து அப்படியே, மங்கி, இருக்கும். முதல் வருடம் படிக்கும்போது அவள் ஓடிய ஓட்டம் அது. வெறுங்காலோடு ஓடினாளாம்.

நான் அவளைப் பெண் பார்க்கப் போனபோது, காபி வருவதற்கு முன்பே அவள் அப்பா அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார். "பொண்ணு பி.எஸ்சி. மேக்ஸ். எண்ணூறு மீட்டர்ல காலேஜ் ரெக்கார்டு. சமையல் சுமாரா பண்ணும்," என்றார். வரிசை அப்படித்தான் இருந்தது. என் அம்மாவுக்கு எண்ணூறு மீட்டர் என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. கோயிலிலிருந்து ரயிலடி வரைக்கும் என்று நான் சொன்னதும், "அம்மாடி, அத்தனை தூரம் எதுக்கு ஓடுனா?" என்று கவலைப்பட்டார்.

அவள் இப்போது பாபநாசத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சர். முழங்கால் வலி இருக்கிறது. பையன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஓடியதைப் பற்றி அவளாகப் பேசுவது அபூர்வம். ஒரே ஒரு தடவை, ஏதோ பேச்சில் சொன்னாள். "கணக்கு யாரு வேணாலும் சொல்லிக் குடுக்கலாம். சோறு யாரு வேணாலும் ஆக்கலாம். புள்ள பெத்து வளர்க்கறதும் எல்லாரும் செய்யறதுதான். அது ஒண்ணுதாங்க நான் மட்டும் செஞ்சது."  

என் பங்குக்கு அந்தக் கல்லூரியில் நான் விட்டுவந்தது ஒரு படம்.

கல்லூரி வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. மைதானமும் ஒரு காலத்தில் வயலாக இருந்ததுதான். எந்தக் காலத்திலோ ஒரு மிராசுதார் தானமாக எழுதிவைத்த நிலம். மைதானமாகியும் அதற்கு வயல் புத்தி போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் மாதிரி நிற்கும். தை மாதம் விளையாட்டு விழா வருவதற்குள் முக்கால் பாகம் காய்ந்துவிடும். வடிகால் பக்கத்து மூலை மட்டும் காயாது. அங்கே கோரை முளைத்துக் கிடக்கும்.

கடைசி வருடம் படிக்கும்போது, விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் விடிகாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த மைதானத்தை வாட்டர் கலரில் வரைந்தேன். பாதிப் படம் வானம். கீழே மைதானம், அதில் புதிதாகப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு. மூலையில் தேங்கிய தண்ணீர், ஓரத்தில் சிமென்ட் கொடிமேடை. விழாவோடு சேர்த்து ஓவியப் போட்டியும் உண்டு. நடுவராக வந்தவர் வெளியூர்க்காரர், பெரிய ஓவியக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். என் படத்தின் முன் நின்று தலையை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்தார். "வண்ணம் நல்லா இருக்கு தம்பி. ஆனா பெர்ஸ்பெக்டிவ் தெரியலை. டிராக்கோட ரெண்டு வளைவும் ஒண்ணு போல வர வேண்டாமா? இந்தப் பக்கம் கோணிப் போச்சே," என்றார். ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கல்லூரி முடியும் வரை நண்பர்களுக்கு நான் கோணல். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதும் ஒருத்தன் வீட்டுக்குள்ளே பார்த்து, "அம்மா, கோணல் வந்திருக்கான்," என்று குரல் கொடுத்தான். டிபன் பாக்ஸ் இன்னும் இருக்கிறது. அதில்தான் நான் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறேன்.

படம் வரைந்த மறுநாள், விழாவில், அவள் அந்தக் கோட்டில் ஓடிச் சாதனை செய்தபோது நான் பார்க்கவில்லை. கண்காட்சி அறையில் என் படத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் அது கோணல் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

நான் தாலுகா ஆபீசில் சர்வேயர். இந்தப் பக்கத்து மனிதர்கள் சொத்துக்காகப் படும் பாட்டை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளிநாட்டில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டு, இங்கே ஒரு முழ வரப்புக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நான் போய் அளந்து கல் ஊன்றுவேன். அளவு யாருக்குச் சாதகமாக வந்தாலும் எனக்கு ஒன்றுதான். இரண்டு பக்கமும் என்னைத் திட்டினால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். இருப்பதை இருக்கிறபடி சொல்வது என் தொழில். படத்திலும் அதைத்தான் செய்தேன் என்பது என் கட்சி. அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் வடிகாலுக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, அந்த மூலையில் மண்ணடித்து மேடாக்கினார்கள் என்று மடலில் வந்தது. அதை விளையாட்டுப் பக்கத்தில் போட்டிருந்தார்கள், அதனால் நான் சரியாகப் படிக்கவில்லை.

போன தை மாதம் வந்த மடலில் இரண்டு செய்தி. என் பக்கத்தில், முன்னாள் மாணவர்களின் பழைய ஓவியங்களை அலமாரிகளிலிருந்து தேடி எடுத்துக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள், அதில் என்னுடையதும் ஒன்று. அவள் பக்கத்தில், அதே நாளில் விளையாட்டு விழா, பெண்கள் எண்ணூறு மீட்டருக்குச் சாதனையாளரே வந்து பதக்கம் அணிவிப்பார். அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு பீரோவைத் திறந்து பட்டுப்புடவை வேண்டாம், காட்டன்தான் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் சம்பா அறுவடை. மைதானம் நான் பார்த்த மைதானமாகவே இல்லை. ஈரமும் இல்லை, கோரையும் இல்லை. சுண்ணாம்புக் கோடு நாலு பக்கமும் முழுசாக, அழகாக வளைந்து போனது. பார்த்ததும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இப்படி ஒரு மைதானம் அன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு முதல் பரிசே கிடைத்திருக்கும்.

எண்ணூறு மீட்டருக்கு ஆறு பெண்கள் நின்றார்கள். அதில் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒல்லியாக, நீளக் கால்களோடு. அவள்தான் இரண்டு வருடமாகச் சாதனையை நெருங்கி வருகிறாள் என்றார்கள். படிப்பு முடியப்போகிறது, இதுதான் அவளுக்குக் கடைசி விழா. இருநூறு மீட்டர் கோட்டில் நான்கு சுற்று. மூன்றாவது சுற்றிலேயே மற்ற ஐந்து பேரும் அவளுக்கு வெகு பின்னால் போய்விட்டார்கள். என் மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் கோட்டைத் தாண்டி மடங்கி விழுந்தாள். ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னார்கள். சாதனைக்கு ஒன்றரை விநாடி தாமதம்.

என் மனைவி பதக்கம் போட எழுந்து போனாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். "மேடம், தெனமும் உங்க பேரைப் பார்த்துட்டுத்தான் மேடம் பிராக்டிஸ் பண்ணுவேன்," என்றாள். என் மனைவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "நல்லா ஓடுனம்மா. ரொம்ப நல்லா ஓடுன," என்றாள். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பையன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மத்தியானம் பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் போனோம். அறையின் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் என் படம். கரையான் ஒரு மூலையைச் சாப்பிட்டிருந்தது, மற்றபடி நன்றாகவே இருந்தது. கீழே என் கையெழுத்தும் வருடமும் கொட்டை எழுத்தில். அந்த வயதில் எல்லாரும் கையெழுத்தைப் பெரிதாகத்தான் போடுவார்கள்.

கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண். அவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார், கூடவே முத்துப்பேட்டைப் பெண்ணும். இயக்குநர் படத்தைப் பார்த்துவிட்டு மரியாதைக்குக் கேட்டார்.

"இது நம்ம கிரவுண்டா சார்?"

"நம்ம கிரவுண்டுதாங்க."

"ஏன் சார், ஒரு பக்கம் மட்டும் இப்படி உள்ள போயிருக்கு?"

முப்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தவன் நான். பொரிந்து தள்ளிவிட்டேன். "உள்ள போயிருக்குன்னா அங்கயும் உள்ள போயிருந்துச்சு மேடம். பார்த்ததைத்தான் வரைஞ்சேன். அந்த மூலையில தண்ணி நிக்கும். கோடு போடுறவங்க தண்ணிக்குள்ள எறங்கியா போடுவாங்க? கொடிமேடையை ஒட்டி இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. வருஷா வருஷம் அப்படித்தான். வந்த நடுவர் ஜன்னலைத் திறந்து வெளியில ஒரு தரம் பார்த்திருந்தார்னா தெரிஞ்சிருக்கும். இந்தப் படத்துல ஒரு இம்மி தப்பு கிடையாதுங்க."

"அப்ப இந்த வளைவுல வெள்ளையா, ஓடுறாங்களே ஒருத்தங்க? மேடமா?"

"யாரும் ஓடலை. அது கொக்கு. நான் வரைஞ்சப்ப மைதானத்துல ஆளே கிடையாது."

அவர் சிரித்தார். பிறகு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார், கீழே இருந்த வருடத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இப்ப கோடு கொடிமேடைக்கு அந்தாண்ட போகுதே சார்," என்றார் மெதுவாக. "அப்படின்னா, அப்ப சுத்து குறையுமே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. நான் கெடுத்தது என் மனைவியை. அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முத்துப்பேட்டைப் பெண் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்று கேட்பார்கள் அல்லவா, நெல்லை அளந்துவிட்டு அதன் விலை தெரியாமல் கிடக்கும் அந்த நாழி நான்தான். ஊர் நிலத்தையெல்லாம் அளந்தேன். அவள் சாதனையும் என் படமும் ஒரே வாரத்துச் சரக்கு, ஒரே கோட்டைச் சேர்ந்தவை என்பது இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட என் மண்டையில் உறைக்கவில்லை.

உறைக்காதது எனக்கு மட்டுமில்லை. அந்த மூலையில் கோடு உள்ளே ஒதுங்குவது கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். ஈரத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவது இந்தப் பக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. பாதை ஒதுங்கும், மாட்டுவண்டி ஒதுங்கும், சாமி ஊர்வலம்கூட ஒதுங்கிப் போகும். யாரும் அதைத் தூரக்குறைச்சல் என்று நினைக்க மாட்டார்கள்.

"நீங்க சர்வேயர்தானே சார். ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றார் இயக்குநர். சங்கடத்தோடுதான் கேட்டார்.

மைதானத்துக்கு இறங்கினோம். கொடிமேடை அதே இடத்தில், அதே விரிசலோடு இருந்தது. படத்தில் கோட்டுக்கும் மேடைக்கும் ஒரு முழ இடைவெளிதான் காட்டியிருந்தேன். அந்த இடத்தில் குச்சி நட்டு, பழைய வளைவு போன வழியில் கயிறு போட்டு, டேப் பிடித்தோம். இன்றைய கோட்டையும் அளந்தோம். எனக்கு இரண்டையும் கழிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. கிடைத்த விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன், அப்போதும் மனதின் ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷம்தான். என் படம் சரி. கயிறே சொல்லிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று அது இருந்தது.

"சொல்லுங்க," என்றாள் என் மனைவி. "ஊர்க்காரங்க வரப்புன்னா டக்குனு சொல்லுவீங்கல்ல?"

"சுத்துக்கு ரெண்டரை மீட்டர் குறையுது," என்றேன். "கூட இருக்கலாம். அதுக்குக் கீழ வராது."

மற்றவர்கள் கணக்குப் போடுவதற்குள் அவள் போட்டுவிட்டாள். "நாலு சுத்துக்குப் பத்து மீட்டர். என் ஓட்டத்துக்கு ரெண்டு செகண்டு," என்றாள். வகுப்பில் கரும்பலகையில் விடை எழுதும் குரல். முத்துப்பேட்டைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஒண்ணரை செகண்டுதாம்மா லேட்டு."

அந்தப் பெண் பதறிப்போய், "இல்ல மேடம், அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மேடம்," என்றாள். இயக்குநர் அவசரமாக, அந்தக் காலத்தில் அந்தக் கோட்டில் எத்தனையோ பேர் ஓடியிருக்கிறார்கள், அவர்களில் யாருமே மேடத்தைத் தாண்டவில்லை என்று சொன்னார். உண்மைதான். ஆனால் பலகையில் எண்ணூறு மீட்டர் என்றுதான் எழுதியிருக்கிறது. யாரையெல்லாம் ஜெயித்தாள் என்று எழுத அதில் பத்தி இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அறுவடை மிஷின்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின.   வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள்.

"முப்பது வருஷமா அந்தப் படத்தைச் சொல்லிச் சிரிச்சாங்க. நீங்களும் தாங்கிக்கிட்டீங்க. இன்னும் ஒரு நாள் சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டிருந்தா என்னங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இயக்குநர் ஒன்றும் கேலி செய்யவில்லை, சும்மாதான் கேட்டார் என்று சொல்ல நினைத்தேன். அது இன்னும் மோசமான பதில் என்று புரிந்தது.

அடுத்த நாளே முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் விஷயம் பரவிவிட்டது. பொங்கல் வாழ்த்துக்குப் பிறகு அந்தக் குழு அவ்வளவு உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை. சாதனை சாதனைதான், தொடக் கூடாது என்றார்கள் பாதிப் பேர். நட்சத்திரக் குறி போட்டுவிடலாம் என்றான் ஒரு வக்கீல். பத்து மீட்டரைக் கழித்து எழுநூற்றுத் தொண்ணூறு மீட்டர் என்று தனிப் போட்டியாக எழுதிவைக்கலாம் என்றான் இன்னொருவன். கோணல் அன்றைக்கே சரியாக வரைந்தான், நாம்தான் கேலி செய்தோம் என்று சிலர் எனக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். நான் இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தைகள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். சாமியார் அப்போது கோயில் கூரைக்கு வசூல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு யாரும் அழ மாட்டார்கள்.

மறுவாரம் இயக்குநர் அவளுக்குப் போன் செய்தார். கமிட்டி கூடியிருக்கிறது, மேடம் சொல்கிறபடி செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள், பலகையை அப்படியே விடச் சொன்னால் அப்படியே விட்டுவிடுவோம் என்றார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். நான் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"கோட்டை நான் போடலைங்க," என்றாள். "போட்ட கோட்டுல ஓடுனேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு முழுசா ஓடியிருக்கா. பசங்களுக்கு நான் கணக்கு சொல்லிக் குடுக்கறேன். தெரிஞ்சுக்கிட்டே தப்பான விடைக்கு என்னால டிக் போட முடியாது. பேரை மாத்திடுங்க."

பேசி முடித்துவிட்டு, அடுப்பில் இருந்த பாலை இறக்கினாள்.  எனக்கு அப்போது அவள்மேல் வந்த மரியாதையை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அதை அளந்து சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

மாசி மாத மடல் வந்தது. கலைப் பக்கத்தில் என் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. கூர்ந்த பார்வைக்காகச் சிறப்புப் பரிசு, மாணவர்கள் ஆர்வத்துடன் பார்வையிட்டனர். நான் அதைப் படித்துவிட்டு வழக்கம்போலப் போனை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கண்ணாடியைத் தேடவில்லை. "நீங்களே படிங்க," என்றாள். நான்காம் பக்கத்தைப் படித்தேன். முத்துப்பேட்டைப் பெண் பலகையின் கீழே நின்று சிரிக்கும் போட்டோ. புதிய பெயின்ட் பளபளத்தது. முன்பு அங்கே யார் பெயர் இருந்தது என்று செய்தியில் இல்லை. மடலில் அதெல்லாம் போடுவதில்லை. "புது ரெக்கார்டுன்னு போட்டிருக்கு," என்று மட்டும் சொன்னேன். "ம்," என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் படமே வந்து சேர்ந்தது. கல்லூரி செலவிலேயே கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, யாரோ காரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று இருந்தேன்.

"மாட்டுங்க," என்றாள்.

கூடத்தில், மாதா படத்துக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்தின் முன்னால் நின்றாள். கொடிமேடையைப் பார்த்தாள். அதை ஒட்டிப் போகும் கோட்டைப் பார்த்தாள். கோட்டின் மேலேயே விரலை நகர்த்திக்கொண்டு வந்து, வளைவில் நின்றுவிட்டாள்.

"இது கொக்கா?" என்றாள்.

அந்தக் கொக்கு எனக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நான் வர்ணம் கலக்கும் நேரம் முழுவதும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அதை வரைந்து முடித்த பிறகுதான் பறந்தது.

"இல்ல," என்றேன். "நீதான்."

"அன்னைக்கு ஆளே இல்லன்னீங்க."

"விடிகாலையில நீ பிராக்டிஸ் பண்ணிக்கிட்டு இருந்திருப்பே. தூரத்துல எனக்குத் தெரியலை."

அவள் விரலை எடுக்கவில்லை. "எனக்கு அப்ப நீல டிராக் பேன்ட்டுங்க. இது ஒரே வெள்ளையா இருக்கு."

"நீலம் தீர்ந்துபோச்சு," என்றேன்.

படத்தில் பாதி வானம். அத்தனையும் நீலம். அவள் வானத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அங்கதான் தீர்ந்துபோச்சாக்கும்," என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.